பாதியில் நின்ற பிக்கப்



சென்ற மாதம் சீட்டுப் பணம் பற்றிப் பேசினோம். இம்முறை ஒரு வாகனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பெண்களுக்கான பக்கத்தில் பழைய வாகனத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினாலேயே ஒரு பிழையான ஆலோசனையும் சொல்லிவிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வலிகாமத்தில் நான் போய்வரும் கிராமம் ஒன்றில் ஒரு அக்கா இருக்கிறார். தன் பெயர் வேண்டாம் என்றார். ஆகவே 'அக்கா' என்றே எழுதுகிறேன். வயது நாற்பத்தெட்டு. கணவர் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் தொழில் செய்தவர். 2023 தை மாதம் நெஞ்சுவலி வந்து ஒரே இரவில் காலமாகிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவருக்கு இருபத்திரண்டு, இளையவருக்குப் பத்தொன்பது வயது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப். முன்பக்கம் சாம்பல்நிற அடிப்பெயின்ற் பூசியபடி, பின்பெட்டி இல்லாமல், நான்கு கல்லுகளில் நின்றது. கணவர் அதை 2012இல் 85,000 ரூபாவுக்கு வாங்கினாராம். பதினொரு வருடம் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதிலேயே வேலை. முடிக்கும் முன் போய்விட்டார்.

நான் அங்கு போனது வண்டிக்காக அல்ல, கடனுக்காக. அக்காவின் பெயரில் இரண்டு குழுக்கடன்கள் இருந்தன. கட்ட மிச்சம் 212,000 ரூபா. ஒவ்வொரு கிழமையும் காசு சேர்க்க வருபவர் வாசலில் நிற்பார். அக்கா சில நாட்களில் பின்வேலியால் அயல்வீட்டுக்குப் போய்விடுவாராம். எதற்காக எடுத்த கடன் என்று கேட்டேன். ஒன்று மகளின் படிப்புக்கு. மற்றதைக் கேட்டபோது கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ஜின் செய்யிறதுக்கு எண்டு 2021இல எடுத்தது தங்கச்சி. ஒண்டரை லட்சம். அவருக்குக் குழுக்கடன் குடுக்கமாட்டினம், பொம்பிளையளுக்குத்தானே. அதால என்ர பேரில எடுத்தது."

அந்த வாரம் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து 70,000 தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "குடுத்துவிடுங்கோ அக்கா, கிடக்கிறதால என்ன பிரயோசனம், கடனில் ஒரு பகுதியாவது குறையும்" என்றேன். சமூகவியல் பட்டமும் பத்து வருடக் கள அனுபவமும் உள்ள நான் சொன்ன ஆலோசனை இது. பொருளைப் பார்க்காமலே விலையை ஏற்றுக்கொண்டேன்.

என்னைத் திருத்தியவர் இளைய மகள். "மிஸ், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கொட்டகைக்குள் கூட்டிப் போனார். சுவரோரம் பலகைத் தட்டு. அதில் வெறும் பால்மா ரின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கடதாசி ஒட்டி எழுதியிருந்தது: காபரேற்றர், பிறேக், கதவுக் கைபிடி, முன்சில்லு மூட்டு. இன்னொரு பக்கம் பழைய சேலையால் சுற்றிய முன்கண்ணாடி. மேசையில் மூன்று சீ.ஆர். கொப்பிகள். 2012இல் இருந்து வாங்கிய ஒவ்வொரு சாமானும் திகதியோடு, விலையோடு.

"உமக்கு இதெல்லாம் தெரியுமோ?"

"அப்பா வேலை செய்யேக்க ரோச் பிடிச்சது நான்தானே மிஸ். எந்த ஆணி எதுக்கு எண்டு தெரியும்."

அந்தப் பிள்ளை ஏழு வயதிலிருந்து ரோச் பிடித்திருக்கிறது. அவருக்கு வாகனம் தெரியும் என்று அந்த வீட்டில் எவரும் எண்ணியதில்லை. அவரே எண்ணியதில்லை. பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடிப்பது எங்கள் கணக்கில் ஒரு வேலையே அல்ல.

கொப்பி சொன்ன கணக்கு

அன்று மாலை நாங்கள் நால்வரும் பாயில் இருந்து கொப்பிகளைக் கூட்டினோம். வண்டியின் விலையையும் சேர்த்து மொத்தம் 583,400 ரூபா. பிறகு நான் அக்காவிடம், இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 2017இல் அவரது இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின, மீட்கப்படவில்லை. அந்தக் காசு 96,000. கடன் 150,000. இரண்டையும் கூட்டினால் 246,000. அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று மேல் அக்காவுடையது. கொப்பியில் எந்த இடத்திலும் அது எழுதப்படவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. குடிக்காதவர், பிள்ளைகளில் உயிரானவர் என்று ஊரே சொல்கிறது. ஆனால் மனைவியின் காப்பு 'வீட்டுக் காசு' ஆகி, வீட்டுக் காசு 'அவருடைய வண்டி' ஆகிவிட்டது. இதைத்தான் நாங்கள் கருத்தரங்குகளில் பெண்ணின் கண்ணுக்குத் தெரியாத பங்களிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். கொப்பியில் பார்த்தபோது எனக்கே உறைத்தது.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப இதை இரும்பு விலைக்குக் குடுக்க ஏலாது."

அது என்ன வண்டி?

விற்கப்போகும் பொருளைப் பற்றி விற்பவர் அறிந்திருக்க வேண்டும். நானும் தேடிப் படித்தேன். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிரித்தானியக் கார்களில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தாண்டியது இதுதான். பிக்கப்பும் மூடிய வானும் 1953இல் வந்தன. 1956இல் 948 சீ.சீ. என்ஜினும், 1962இல் 1098 சீ.சீ. என்ஜினும் பொருத்தப்பட்டன. பிக்கப் 1971 வரை தயாரானது. காருக்குத் தனியான சேஸி கிடையாது, உடலே சட்டம். பிக்கப்புக்குத் தனிச் சேஸி உண்டு. ஆகவே உடல் கறள் பிடித்தாலும் சேஸி நன்றாக இருந்தால் வண்டியை மீட்கலாம். அக்காவின் வண்டி 1958இல் செய்யப்பட்டது, 948 சீ.சீ.

எங்கள் நாட்டுக்கும் இந்த வண்டிக்கும் உறவு இன்னும் அறவில்லை. மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்களைக் காலியில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய வேலைத்தலம் 1990களில் தொடங்கியது. அத்தோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஓடக்கூடிய எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. நாங்கள் விற்க முனைந்தது 2024இல். இரும்பு வியாபாரிக்கு இது தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

புத்தகத்தில் யாருடைய பெயர்?

அடுத்ததாக வாகனப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அக்காவின் முகம் வெளிறியது. பதிவுச் சான்றிதழில் கணவரின் பெயர் இல்லை. அவருக்கு விற்ற ஐயாவின் பெயரே இருந்தது. உள்ளே அந்த ஐயா கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் 'ஓப்பின் பேப்பர்' என்பார்களே, அது. வண்டி முடிந்த பிறகு மாற்றலாம் என்று விட்டிருக்கிறார்.

"கடன் புத்தகத்தில என்ர பேர். வண்டிப் புத்தகத்தில ஆற்றயோ பேர். நல்ல குடும்பம்!" என்று அக்கா சிரித்தார். அழுகைக்கு மிகக் கிட்டிய சிரிப்பு.

இதற்கிடையில் கணவரின் தம்பி வந்தார். தான் 150,000 தருவதாகவும், வண்டி வெளியே போவது அண்ணனுக்கு அவமரியாதை என்றும் சொன்னார். "அண்ணி, இது எங்கட குடும்பச் சொத்து. பொம்பிளையளுக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்? பேப்பரும் இல்லை. நான் எடுத்தால் நான் பார்த்துக்கொள்ளுவன்." குரலில் அன்பும் இருந்தது, கணக்கும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும்போதுதான் பெண்கள் அதிகம் தடுமாறுகிறோம்.

அக்காவைச் சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் சொன்னவை உங்களுக்கும் உதவும். தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில், மணவாழ்க்கைக் காலத்தில் விலைகொடுத்துத் தேடிய சொத்து 'தேடியதேட்டம்'. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வதன்படி, மரணசாதனம் எழுதாமல் கணவர் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது சகோதரர்களுக்கு அதில் பங்கு இல்லை.

இன்னொன்று. காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்பதற்கு மணமான பெண்ணுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது தேசவழமை. இந்த விதி எல்லோருடைய மனதிலும் பதிந்திருக்கிறது. அதனால் நகை, மாடு, தையல் இயந்திரம், வாகனம் எதையும் தாமாக விற்க முடியாது என்று பல பெண்கள் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெண்ணுக்கு உரித்தான அசையும் சொத்தை விற்க அந்தச் சம்மதம் தேவையில்லை. சட்டம் கட்டாத கட்டையும் நாங்கள் எங்களுக்குக் கட்டிக்கொள்கிறோம்.

தென்மராட்சி ஐயா

உரிமை இருந்தாலும் பெயர் மாற்ற வேண்டுமே. பழைய வெற்றுப் படிவங்களை வாங்குபவரிடம் அப்படியே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சட்டத்தரணி வேண்டாம் என்றார். வாகனம் கைமாறினால் பதினான்கு நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் விட்ட வண்டி எங்காவது மோதினால், பொலிசார் முதலில் தேடுவது புத்தகத்தில் உள்ள பெயரை. பன்னிரண்டு வருடமாக அந்த ஆபத்தைத் தலையில் சுமந்துகொண்டு இருந்தவர் ஒரு கிழவர்.

சாவகச்சேரிக்கு அப்பால் அவரைத் தேடிப் பிடித்தோம். எண்பத்துநான்கு வயது. பார்வை மங்கல், நினைவு தெளிவு. வண்டியின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். ஸ்ரீ எழுத்து இலக்கம். 1957இல் வாகனங்களுக்கு அந்தச் சிங்கள எழுத்து வந்தபோது எழுந்த எதிர்ப்பை அவர் இளைஞனாகப் பார்த்தவர்.

"தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் எங்க பிள்ளை? காபரேற்றருக்குள்ள நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகையெண்டால் புகை! தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில நாவற்குழிப் பாலத்துக்கு இங்கால நிண்டு கிழடுகளையும் கைக்குழந்தையளையும் ஏத்தி ஏத்தி இறக்கினது. அதோட அதின்ர மூச்சு முடிஞ்சுது."

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் அந்தப் பாதையால் நடந்தது. அக்காவும் நடந்தவர்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. ஐயாவின் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தார்.

ஐயா புதிய படிவங்களில் கையொப்பமிட்டார். கணவருக்கு விற்றதை உறுதிப்படுத்தி, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியும் கொடுத்தார். மகள்மார் இருவரும் தங்கள் சம்மதத்தை எழுதினார்கள். வரவேண்டிய வருமான அனுமதிப்பத்திர நிலுவை பற்றிப் பிரதேச செயலகத்துக்கு நான்கு தடவை அலைந்தோம். வாகனம் ஓடாமல் நிற்கிறது என்று முன்பே அறிவித்திருந்தால் இந்த அலைச்சல் குறைந்திருக்கும். கடைசியில் புத்தகம் அக்காவின் பெயருக்கு வந்தது. அவரது பெயரில் பதிவான முதல் வாகனம். அதற்குச் சில்லுகூடப் பூட்டப்படவில்லை.

விலை பேசிய நாள்

வாகனத்தை எப்படி விற்பது என்பதை இளைய மகளே தீர்மானித்தார். மினுக்கி எடுக்கலாம், பெயின்ற் அடித்துக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். மகள் மறுத்தார். "பெயின்ற் அடிச்சால் உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஆக்கள் சந்தேகப்படுவினம். அப்பா வெல்டிங் செய்த இடம் தெரியட்டும்." நல்லதையும் கெட்டதையும் இரண்டு பத்தியாக எழுதினார். என்ஜின் திறந்து செய்தது, இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. சேஸி திருத்தியது. பின்பெட்டி இல்லை. மின்வயர் முழுவதும் மாற்ற வேண்டும். முன்சில்லு திரும்பும் மூட்டுகள் புதிதாக ரின்னில் இருக்கின்றன, பூட்டவில்லை. அந்த மூட்டுகளுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்துவிடுமாம். இதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

குருநாகலில் இருந்து ஒருவர் பார்க்க வந்தார். சிங்களவர், ஏற்கெனவே இரண்டு மொறிஸ் வைத்திருப்பவர். அரைகுறைத் தமிழும் எங்கள் அரைகுறைச் சிங்களமும். சித்தப்பாவும் வந்து முன்னால் நின்றார். வந்தவர் சித்தப்பாவிடம் சேஸி இலக்கத்தைக் கேட்டார். சித்தப்பா பொனற்றைத் திறக்கவே கொழுவியைத் தேடினார். மகள் வந்து திறந்து, தகட்டைத் துடைத்து, புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்தார். சேஸி இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தின. அதன் பிறகு வந்தவர் கேள்விகளை மகளிடமே கேட்டார். ரின் ரின்னாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்றரை மணித்தியாலம். சித்தப்பா இடையில் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணை மாதிரியே கதைக்கிறாள்" என்றார்.

அவர் 350,000 சொன்னார். அக்கா 550,000 சொன்னார். செலவழித்த காசு முழுவதையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று நான் நினைத்தேன். ஆனால் முடியாத வேலையை வாங்குபவர், இனிச் செலவழிக்கப் போவதையும் கழித்தே விலை சொல்வார். கொட்டிய காசு அப்படியே திரும்பாது. இதை மகள் முதல்நாளே தாய்க்கு விளங்கப்படுத்தி, 425,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். 460,000இல் முடிந்தது. காசு வங்கியில் விழுந்த பிறகுதான் படிவத்தில் அக்கா கையொப்பமிட்டார்.

வாங்கியவர் ஒன்று கேட்டார்: செய்த வேலைக்குச் சாட்சியாக அந்த மூன்று கொப்பிகளும் வேண்டும். அக்கா தலையாட்டவில்லை. "கொப்பி தரமாட்டன். ஃபொட்டோக்கொப்பி எடுத்துத் தாறன்." அன்று அவர் பேசிய விலைகளிலெல்லாம் இதில்தான் மிக உறுதியாக நின்றார்.

லொறியில் ஏற்றும்போது அக்கா வெளியே வரவில்லை. குசினிக்குள் அரிசி அரித்துக்கொண்டிருந்தார். லொறி ஒழுங்கையால் திரும்பிய பிறகு வந்து, கொட்டகையில் அந்த நான்கு கல்லுகளையும் பார்த்தார். "பதினொரு வரிசம் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு சமைச்சனான். திட்டிக்கொண்டும் சமைச்சனான்" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல இருந்த எதுவும் அந்த இடத்துக்குப் போதாது.

கடன்கள் இரண்டும் கட்டி முடிந்தன. மிச்சம் 248,000. அதில் ஒரு லட்சம் அக்காவின் சொந்தப் பெயரில் வைப்பில் இருக்கிறது. மிகுதியில் இளையவர் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தார். என்ன பயிற்சி என்று நீங்களே ஊகிப்பீர்கள். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். சித்தப்பா சுளிக்கவில்லை. தன்னிடம் இருந்த ஸ்பனர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தோழிகளே, வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்

உங்கள் வீட்டில் பிக்கப் இல்லாமல் இருக்கலாம். அரைகுறைக் கட்டடம், ஓடாத உழவு இயந்திரம், வாடியில் கிடக்கும் படகு, ஏதோ ஒன்று இருக்கும். ஆகவே:

முதலாவது, வாகனம், இயந்திரம், காணி எல்லாவற்றினதும் பத்திரங்களை எடுத்து, யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கணவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே பாருங்கள். இது அபசகுனம் அல்ல.

இரண்டாவது, 'ஓப்பின் பேப்பரில்' வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் நகையோ கடனோ எதற்குள் போனாலும் திகதியோடு எழுதி வையுங்கள். சண்டைக்காக அல்ல, கணக்குக்காக.

நான்காவது, துக்கத்தோடும் கடனோடும் இருக்கும்போது வரும் முதல் விலையை ஏற்காதீர்கள். என்னைப் போன்ற ஒருவர் வந்து ஏற்கச் சொன்னாலும்கூட.

கடைசியாக, உங்கள் வீட்டில் ரோச் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். நான் கேட்கச் சிறிது பிந்திவிட்டேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.